அக்ஷயாவுக்கு வலிக்க வேண்டும்

கிணத்துக்கடவு
5.2.1996

அன்புள்ள அண்ணனுக்கு லோகப்பிரியா எழுதுவது. இங்கே அத்தை, உங்கள் மச்சான், அக்ஷயா, நான் எல்லோரும் நல்லபடியாக இருக்கிறோம். அந்தக் குளிரில் நீங்கள் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறீர்களா, இல்லை உங்கள் எலிகளுக்கு மட்டும்தான் வேளாவேளைக்குச் சாப்பாடா என்று உடனே எழுதவும்.

நீங்கள் விமானம் ஏறிப் போன பிறகும் ஊரில் உங்கள் மடியைப் பற்றித்தான் பேச்சு. காதுகுத்துக்கு வந்தவர்கள் யாரும் இன்னும் அதை விடவில்லை. ஆசாரி இரண்டு காதிலும் குத்தினார்; தாய்மாமன் மடியில் உட்கார்ந்திருந்த பிள்ளை ஒரு சிணுங்கல்கூடச் சிணுங்கவில்லை; ஆசாரி கையிலிருந்த கம்பியைப் பார்த்துச் சிரித்தது. அத்தை பால்காரரில் ஆரம்பித்துத் தேங்காய் வியாபாரி வரைக்கும் சொல்லி முடித்துவிட்டார். "என்ற மருமகன் சீமையில படிக்கறதே வலியைப் பத்தித்தானுங்க. அவன் மடியில உக்கோந்தா வலி கிட்ட வருமுங்களா?" என்று ஒரே பெருமை. பக்கத்துத் தோட்டத்து அரங்கசாமி மாமா தன் பேரனுக்கும் உங்களையே உட்கார வைக்க முடியுமா என்று கேட்கிறார். அவனுக்கு நீங்கள் மாமன் முறை ஆக மாட்டீர்களே என்றேன். "மொறை கெடக்குது அம்மணி, படிச்ச மடி கெடைக்குமா?" என்கிறார்.

அக்ஷயா இப்போது ஓட்டமும் நடையும்தான். கீழே விழுந்தால்கூடத் தானே எழுந்து ஓடுகிறாள். தூக்கத்தில் நாக்கைக் கடித்துக்கொண்ட புண் மட்டும் இன்னும் ஆறவில்லை. கையிலும் ஒரு சின்னக் காயம். மற்றபடி ஒன்றுமில்லை.

சட்டைக்குள் கம்பளிப் பனியன் போட்டுக்கொள்ளுங்கள். உங்கள் மச்சான் விசாரித்ததாகச் சொன்னார்.

அன்புத் தங்கை
லோகப்பிரியா


கிளாஸ்கோ
19.2.1996

அன்பான லோகாவுக்கு அண்ணன் கிருபாசங்கர் எழுதுவது. சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், இருமல்கூட நின்றுவிட்டது. எலிகளும் நலம். அத்தையின் முழங்கால் எப்படி இருக்கிறது என்று எழுது.

என் மடியின் புகழை இங்கே எல்லோரிடமும் சொன்னேன். நான் மருந்து கண்டுபிடிக்காவிட்டாலும் பிழைத்துக்கொள்ளலாம், கொங்கு நாடு முழுக்கக் காதுகுத்துக்கு உட்காரலாம்.

நான் என்னதான் செய்கிறேன் என்று ஊரில் அத்தனை பேரும் கேட்டார்கள். உனக்குச் சொன்னால் புரியும், நீ தாவரவியல் படித்தவள். சூடான ஒரு தட்டில் எலியை விடுவோம். சூடு பொறுக்காமல் அது பாதத்தைத் தூக்கி நக்கும். எவ்வளவு சீக்கிரம் தூக்குகிறது என்பதுதான் வலிக்கு எங்கள் அளவுகோல். வலி என்பது தோலில் இல்லை லோகா. தோலுக்கு அடியில் நூலைவிட மெல்லிய நரம்புகள் இருக்கின்றன; அவை "ஆபத்து" என்று முதுகுத்தண்டுக்குச் சொல்லி அனுப்புகின்றன. அங்கே ஒரு வாசல் இருக்கிறது. அந்த வாசலை எப்படிச் சாத்துவது என்று தேடுகிறேன்.

அப்பாவின் கடைசி மாதம் உனக்கு நினைவிருக்கும். தொண்டையைப் பிடித்துக்கொண்டு அவர் முனகியதை நாம் இரண்டு பேரும் அடுத்த அறையில் காதைப் பொத்திக்கொண்டு கேட்டோம். அந்தச் சத்தத்தை யாரும் கேட்கக் கூடாது என்றுதான் இந்தப் படிப்பை எடுத்தேன். ஆனால் இத்தனை வருடம் ஆகியும் என் பெயர் சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. அடுத்த ஆண்டுக்குள் புதிதாக ஏதாவது காட்டாவிட்டால் எனக்கு இங்கே இடமிருக்காது என்று எங்கள் ஆய்வுக்கூடத்துப் பேராசிரியர் அம்மா சொல்லிவிட்டார். ஊருக்குத் திரும்பி மடியை விரித்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

அக்ஷயாவுக்கு மாமன் முத்தம். உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்
கிருபாசங்கர்


கிணத்துக்கடவு
7.3.1996

அன்புள்ள அண்ணனுக்கு லோகா எழுதுவது. அத்தைக்கு முழங்கால் பரவாயில்லை. உங்கள் இருமல் நின்றது அறிந்து நிம்மதி. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, மனதுதான் சரியில்லை.

கையில் சின்னக் காயம் என்று எழுதியிருந்தேன். அது சின்னக் காயமில்லை, சூட்டுக் காயம். நீங்கள் தூரத்தில் இருந்து கவலைப்படுவீர்கள் என்று மறைத்துவிட்டேன். இப்போது மறுபடியும் நடந்துவிட்டதால் எழுதுகிறேன்.

போன வாரம் காலையில் தோசைக்கல்லை இறக்கி வைத்துவிட்டுத் தேங்காய் எடுக்கத் திரும்பினேன். ஏதோ கருகுகிற வாசனை வந்தது. திரும்பிப் பார்த்தால் அக்ஷயா கல்லின் மேல் உள்ளங்கையை ஊன்றிக்கொண்டு நிற்கிறாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள் அண்ணா. பிடித்து இழுத்தேன். தோல் கல்லோடு ஒட்டிக்கொண்டது. நான் கத்திய கத்தலில் தென்னை மரத்தில் ஏறியிருந்த ஆளே இறங்கி வந்துவிட்டார். இவள் மட்டும் அழவில்லை. நான் அழுவதைப் பார்த்து மற்றக் கையால் என் கண்ணைத் துடைத்தாள்.

பொள்ளாச்சியில் காட்டினோம். டாக்டர் கையைப் பார்த்தார், பழைய தழும்புகளைப் பார்த்தார், நாக்கைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார். "ஊட்டுல யாராச்சும் இந்தப் புள்ளைக்குச் சூடு வெக்கறாங்களா அம்மணி?" என்று கேட்டார். வீட்டுக்கு வந்த பிறகு உங்கள் மச்சான், "நீ பக்கத்துலதான இருந்தே? ஒரு சத்தங்கூடவா கேக்கல?" என்றார். கேட்கவில்லை என்றேன். கை வெந்துபோன குழந்தை சத்தம் போடவில்லை என்றால் யார் நம்புவார்கள்? வேறு யாராவது சொல்லிக் கேட்டிருந்தால் நானே நம்பியிருக்க மாட்டேன்.

அன்றிலிருந்து அத்தை, "நீ அடுப்பைப் பாரு கண்ணு, புள்ளைய நான் பாத்துக்கறேன்" என்று பாசமாகத்தான் சொல்கிறார். ஆனால் என்னையும் பிள்ளையையும் தனியாக விடுவதில்லை. பெற்றவளுக்கு இதைவிட வேறு என்ன வேண்டும், சொல்லுங்கள்.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். தட்டில் விட்டும் பாதத்தைத் தூக்காத எலியை எப்போதாவது பார்த்திருக்கிறீர்களா?

பதிலுக்குக் காத்திருக்கும்
லோகா


கிளாஸ்கோ
18.3.1996

அன்பான லோகாவுக்கு. நான் நலம். நீ தைரியமாக இருக்க வேண்டும்.

உன் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். உன்மேல் ஒரு தப்பும் இல்லை, இதை மச்சானிடம் நான் சொன்னதாகச் சொல். பிறவியிலேயே வலி தெரியாத பிள்ளைகள் உண்டு. உலகம் முழுக்கத் தேடினாலும் சில டஜன் பேர்தான் இருப்பார்கள். அப்படி ஒரு பிள்ளை நம் வீட்டில் இருக்கிறாள் என்று என்னால் இன்னும் நம்ப முடியவில்லை. மடியில் வைத்திருந்தேன் லோகா! காதில் கம்பி இறங்கும்போது அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்! ஊர் புகழ்ந்ததும் நானும் சேர்ந்து சிரித்துவிட்டேன்.

உன் கடிதத்தைப் பேராசிரியர் அம்மாவுக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். அவர் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டார். எந்த மரபணு கெட்டால் வலி போகும் என்று தெரிந்துவிட்டால் நான் தேடுகிற வாசலின் பூட்டே கைக்கு வந்த மாதிரி.

நீ எனக்கு உடனே எழுத வேண்டியவை இவை. அவளுக்கு வேர்க்கிறதா? அழுதால் கண்ணீர் வருகிறதா? காரணமில்லாமல் காய்ச்சல் வந்து போகிறதா? கை, கால், நாக்கு மூன்றையும் ஸ்டுடியோவில் தெளிவாகப் படம் எடுத்து அனுப்பு. உங்கள் மூவருடைய ரத்தமும், அத்தையுடையதும் வேண்டும். அதற்கு நான் ஏற்பாடு செய்கிறேன்.

இப்போதைக்கு வேறு டாக்டர் யாரிடமும் காட்ட வேண்டாம். அவர்கள் குழப்பிவிடுவார்கள்.

அண்ணன்
கிருபாசங்கர்


கிணத்துக்கடவு
1.4.1996

அன்புள்ள அண்ணனுக்கு லோகா எழுதுவது. எல்லோரும் சுகம். உங்கள் கடிதத்தை உங்கள் மச்சானிடம் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு வெளியே போய் வெகுநேரம் தொட்டி மேல் உட்கார்ந்திருந்தார். திரும்பி வந்து, "நான் கேட்டதை மனசுல வெச்சுக்காத லோகா" என்றார். அதற்காக உங்களுக்கு நான் எத்தனை நன்றி சொன்னாலும் தகும்.

படங்கள் இத்துடன் இருக்கின்றன. ஸ்டுடியோக்காரர், "சிரிம்மா பாப்பா" என்று வழக்கம்போலச் சொல்லிவிட்டு, கையைப் பார்த்ததும் விளக்கைச் சரிசெய்யத் திரும்பிக்கொண்டார்.

கேட்டதற்குப் பதில். அவளுக்கு வேர்ப்பதே இல்லை. இந்தப் பங்குனி வெயிலில் நாங்களெல்லாம் தொப்பலாக நனைந்து நிற்க, இவள் காயப்போட்ட துணி மாதிரி இருப்பாள். அத்தை, "என்ற பேத்தி ஊட்டி ஆப்பிளுங்க, ஒரு சொட்டு வேர்வை இல்ல பாருங்க" என்று அதற்கும் பெருமைப்படுகிறார். உச்சி வெயிலில் முகம் மட்டும் செவசெவ என்று ஆகிவிடும். காய்ச்சல் அடிக்கடி வருகிறது, தானாகப் போகிறது. கண்ணீர் வரும். பொம்மையைப் பிடுங்கினால் ஊரைக் கூட்டுவாள்.

வேர்வையைப் பற்றி எதற்குக் கேட்டீர்கள்? அது நல்லதா கெட்டதா என்று எழுதவில்லையே.

ரத்தம் கொடுக்க உங்கள் மச்சானுக்கு மனதில்லை. "பொம்பளப் புள்ள ரத்தம் சீமைக்குப் போயிருக்குதுன்னு நாலு பேருக்குத் தெரிஞ்சா, நாளைக்கு யாரு வந்து பொண்ணு கேப்பாங்க?" என்கிறார். எனக்கு அந்தக் கவலைகூட இல்லை. கட்டிக் கொடுக்கிற வயது வரைக்கும் அவள் இருப்பாளா என்பதுதான் என் கவலை. நேற்று செருப்பைக் கழற்றினால் உள்ளங்காலில் ஒரு கண்ணாடித் துண்டு. அதோடு காலையிலிருந்து ஆடிக்கொண்டிருந்திருக்கிறாள்.

அண்ணா, நீங்கள் வலியை நிறுத்தத்தான் படித்தீர்கள், தெரியும். அப்பாவுக்காகப் படித்தீர்கள். எனக்கு நீங்கள் நேர்மாறாக ஒன்று செய்ய வேண்டும். அக்ஷயாவுக்கு வலிக்க வேண்டும். கொஞ்சம் போதும். முள் குத்தினால் "அம்மா" என்று என்னைக் கூப்பிடுகிற அளவுக்கு வலித்தால் போதும். அதற்கு மருந்து இருக்கிறதா? இல்லையென்றால் நான் இவளை எப்படி வளர்ப்பது, எதற்குப் பயப்படுவது, எதைக் கவனிப்பது என்று ஒன்றுவிடாமல் எழுதுங்கள். ரத்தத்தைப் பற்றி அப்புறம் பேசலாம்.

உங்கள் உடம்பும் பத்திரம்.

தங்கை
லோகா


கிளாஸ்கோ
13.4.1996

அன்பான லோகாவுக்குப் புத்தாண்டு வாழ்த்துகள். வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

நாங்கள் நினைத்தது உறுதியாகிவிட்டது. வேர்வை இல்லை என்று நீ எழுதியதைப் படித்ததும் பேராசிரியர் அம்மா மேசையைத் தட்டினார். வலியின்மையும் வேர்வையின்மையும் சேர்ந்து வருவது ஒரே ஒரு வகைதான், அதன் மரபணுவை இதுவரை யாரும் பிடிக்கவில்லை. படங்கள் மிகத் தெளிவு. அடுத்த வாரம் ஆம்ஸ்டர்டாமில் ஒரு கருத்தரங்கம், அங்கே காட்டப் போகிறேன். முகம் தெரியாது, கண்ணை மறைத்துவிடுவேன்.

இது ஏன் வந்தது என்று மச்சானுக்கு நிதானமாகச் சொல். நம் அப்பாவும் அத்தையும் கூடப்பிறந்தவர்கள். ஒரே கோளாறு இருவரிடமும் ஒளிந்திருந்து, அப்பாவிடமிருந்து உனக்கும் அத்தையிடமிருந்து மச்சானுக்கும் வந்திருக்கிறது. உங்கள் இருவருக்கும் அதனால் ஒன்றுமில்லை. இரண்டு பக்கமிருந்தும் சேர்ந்து வாங்கியவள் அக்ஷயா.

அதனால்தான் நாலு பேர் ரத்தமும் அவசியம். கோயமுத்தூரில் என் நண்பர் டாக்டர் உமர் பாரூக் இருக்கிறார். ஐஸ் பெட்டியோடு அவரே வருவார். மச்சானைச் சம்மதிக்க வைப்பது உன் பொறுப்பு. தாமதித்தால் வேறு யாராவது முந்திக்கொள்வார்கள்.

நீ கேட்டவற்றுக்கு விவரமாக எழுத வேண்டும். கருத்தரங்கம் முடிந்து வந்ததும் உட்கார்ந்து எழுதுகிறேன்.

அவசரத்துடன்
அண்ணன்


கோயமுத்தூர்
2.5.1996

அன்புள்ள மச்சானுக்குச் சரவணன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. தாங்கள் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை, தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும். லோகா எழுத மாட்டேன் என்று சொல்லிவிட்டதால் நான் எழுதுகிறேன்.

போன வியாழக்கிழமை மத்தியானம் பிள்ளைக்குக் காய்ச்சல். நல்ல வெயில். லோகா ஈரத்துணி போட்டுக்கொண்டிருந்தாள். அம்மா, "ஈரத்துணி போட்டா சன்னி கண்டுபோகும்" என்று அதை எடுத்துவிட்டு, கம்பளியைப் போர்த்தி, ஜன்னலைச் சாத்தி, மிளகுக் கஷாயம் புகட்டினார். எங்களுக்கெல்லாம் சின்ன வயதில் அப்படித்தான் செய்வார். தங்களுக்கும் செய்திருக்கிறார், தங்களுக்கு ஞாபகம் இருக்கும். வேர்த்தால் காய்ச்சல் இறங்கிவிடும் என்பதுதான் எங்களுக்குத் தெரிந்தது. லோகாவுக்கும் அதற்கு மேல் தெரியாததால் ஒதுங்கிக்கொண்டாள்.

வேர்க்கட்டும் என்று சுற்றி உட்கார்ந்திருந்தோம். வேர்க்கவில்லை. அம்மா இன்னொரு கம்பளியைக் கொண்டுவந்து போட்டார். கொஞ்ச நேரத்தில் பிள்ளைக்குக் கண் செருகி, கைகால் இழுத்துவிட்டது. அரங்கசாமி மாமா காரில் கோயமுத்தூருக்குக் கொண்டுவந்தோம். இங்கே பிள்ளையை ஐஸ்கட்டிக்கு நடுவில் படுக்க வைத்தார்கள்.

டாக்டரம்மா தோலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இந்தக் கொழந்தைக்கு வேர்க்காதுன்னு உங்களுக்குத் தெரியுங்களா? வேர்க்காத ஒடம்புல சூடு எறங்க வழியே இல்லைங்க. இதைக் கம்பளியில சுத்தி வெச்சிருக்கீங்களே?" என்றார். லோகா, "வேர்க்காதுன்னு தெரியுங்க. எங்கண்ணனுக்கு எழுதுனேனுங்க. அவருக்கு எல்லாம் தெரியுமுங்க" என்றாள்.

பிள்ளை கண் விழித்துவிட்டாள். ஆளை அடையாளம் தெரிகிறது. வலது காலும் பேச்சும் எப்படி வரும் என்று போகப்போகத்தான் சொல்ல முடியுமாம்.

தங்கள் நண்பர் தோட்டத்துக்குப் போய், நாங்கள் இங்கே இருப்பதாகக் கேள்விப்பட்டு, ஐஸ் பெட்டியுடன் ஆஸ்பத்திரிக்கே வந்தார். நான் கோபத்தில் ஏதோ பேசிவிட்டேன். பாவம், நல்ல மனுஷர். அவரிடம் நான் வருத்தப்பட்டதாகச் சொல்லவும்.

மச்சானிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். இந்த ஆபத்து தங்களுக்கு முன்னமே தெரியுமா?

இப்படிக்கு
சரவணன்


கிளாஸ்கோ
11.5.1996

லோகா,

நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அரங்கசாமி மாமா வீட்டுக்குப் போன் செய்தேன். உன்னைக் கூப்பிட்டு வரச் சொன்னேன். "அம்மணி தோட்டத்துல வேலையா இருக்குதுங்க" என்றார். அவருக்குப் பின்னால் உன் குரல் கேட்டது.

மச்சான் கேட்டதற்குப் பதில், தெரியும். இந்தப் பிள்ளைகள் பெரும்பாலும் காயத்தால் சாவதில்லை, சூட்டால் சாகிறார்கள் என்று நான் படித்த முதல் கட்டுரையிலேயே இருந்தது. வேர்வையைப் பற்றி எதற்குக் கேட்டீர்கள் என்று நீ எழுதியபோது அது என் மேசைமேலேயே கிடந்தது. எழுதி அனுப்பியிருக்கலாம். பத்து வரி போதும். உன் பதிலில் எனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு, உனக்கு வேண்டியதைக் கருத்தரங்கம் முடியட்டும் என்று தள்ளி வைத்தேன். அத்தை கம்பளியை எடுப்பார் என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். அந்தக் கம்பளிக்குள் படுத்து வளர்ந்தவன் நான்.

இப்போதாவது எழுதுகிறேன். காய்ச்சல் வந்தால் துணியைக் கழற்றிவிட்டு உடம்பு முழுக்கத் தண்ணீர் நனைத்துக்கொண்டே இரு. காய்ச்சல் இல்லாவிட்டாலும் வெயில் நேரத்தில் நிழலில், தண்ணீருக்குப் பக்கத்தில் வை. தினமும் தலை முதல் கால் வரை பார். வீக்கம் இருந்தால் எலும்பு முறிந்திருக்கும், நடக்கிறாளே என்று விடாதே. கண்ணைப் பார், தூசி விழுந்தால் அவளுக்குத் தெரியாது. அந்த டாக்டரம்மாவையே பார், வேறு யாரிடம் வேண்டுமானாலும் காட்டு. காட்ட வேண்டாம் என்று நான் எழுதியது எனக்காக எழுதியது.

நீ கேட்ட மருந்து இல்லை லோகா. வலிக்க வைக்க எங்களிடம் எதுவும் இல்லை.

கிருபாசங்கர்


கிளாஸ்கோ
2.9.1996

அன்பான லோகாவுக்கு அண்ணன் எழுதுவது. மே மாதத்துக்குப் பிறகு எழுதிய கடிதங்களுக்கும் பதில் இல்லை. நீ எழுத வேண்டும் என்று கட்டாயமில்லை. பிள்ளை நடக்க ஆரம்பித்துவிட்டாள் என்று மச்சான் போனில் சொன்னார். அன்று முழுதும் எனக்கு வேலை ஓடவில்லை.

அந்த மரபணுவை வேறு நாட்டில் ஒரு குழு கண்டுபிடித்து வெளியிட்டுவிட்டது. செய்தி வந்த அன்று சாயங்காலம் பேராசிரியர் அம்மா நீ அனுப்பிய படங்கள் இருந்த கோப்பைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். இனி உங்கள் ரத்தம் யாருக்கும் அவசரமாகத் தேவைப்படாது. உமர் பாரூக் வர மாட்டார். மச்சான் நிம்மதியாக இருக்கட்டும். எனக்கு வருத்தம் இல்லை என்று சொன்னால் பொய். இருக்கிறது.

வேலை நடக்கிறது. முன்பெல்லாம் எலி பாதத்தைத் தூக்கினால் மருந்து வேலை செய்யவில்லை என்று எரிச்சல் வரும். இப்போது தூக்கினால் அப்பாடா என்றிருக்கிறது. இப்படியே போனால் என்னை வேலையை விட்டுத் தூக்கிவிடுவார்கள்.

இதுவரை அக்ஷயாவைப் பற்றி நான் கேட்டதெல்லாம் கையும் காலும் வேர்வையும்தான். அவளுக்கு என்ன பிடிக்கும்? என்ன விளையாடுகிறாள்? உனக்குத் தோன்றும்போது எழுது.

அண்ணன்


கிணத்துக்கடவு
20.10.1996

அன்புள்ள அண்ணனுக்கு லோகப்பிரியா எழுதுவது. இங்கே எல்லோரும் இருக்கிறோம். அங்கே குளிர் ஆரம்பித்திருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கடிதங்கள் எல்லாம் வந்தன. மே மாதம் எழுதியிருந்தபடிதான் எல்லாம் செய்கிறேன். பதில் போடாததற்குக் காரணம் கோபம்தான், வேறு சாக்குச் சொல்லப் போவதில்லை. உங்கள் கையெழுத்தைப் பார்த்தாலே வயிறு எரிந்தது.

அக்ஷயா தேறிவிட்டாள். வலது காலைக் கொஞ்சம் இழுத்து நடக்கிறாள். பேச்சு வயதுக்கு ஏற்றபடி இல்லை, வந்துவிடும் என்கிறார் டாக்டரம்மா. காலையிலும் மாலையிலும் அவளைத் தலை முதல் கால் வரை பார்க்கிறேன். அவள் அதை விளையாட்டு என்று நினைத்துக்கொண்டு விரல் விரலாக நீட்டுகிறாள். மத்தியானம் மோட்டார் தொட்டியில் கழுத்து வரைக்கும் உட்கார வைத்துவிடுவேன்.

அத்தை இன்னமும், "ரெண்டு கம்பளி போட்டும் ஏன் கண்ணு வேர்க்கல?" என்று கேட்கிறார். கம்பளி ரொம்பப் பழசுங்க அத்தை என்றேன். அந்தக் கம்பளிகளைத் தோட்டத்தில் ஆட்டுக் கிடை போட வந்தவர்களிடம் கொடுத்துவிட்டார். கம்பளிதான் பிள்ளையை அப்படி ஆக்கியது என்றோ, இந்தக் கோளாறு அவர் வழியாகவும் வந்தது என்றோ நான் சொல்லவில்லை. உங்கள் மச்சானும் சொல்ல மாட்டார். தெரிந்தால் அத்தை தாங்க மாட்டார், அவர் பாசத்தில் செய்தது. நீங்கள் தெரிந்தும் சொல்லாமல் விட்டீர்கள். அதனால் உங்களுக்கு மட்டும் எல்லாவற்றையும் எழுதுகிறேன். பிள்ளை கால் இழுத்து நடப்பதையும் அதற்காகவே எழுதினேன். படிக்கும்போது உங்களுக்கு வலிக்கட்டும்.

அவளுக்கு என்ன பிடிக்கும் என்று கேட்டிருந்தீர்கள். தேங்காய் மிட்டாய் பிடிக்கும். போன வாரம் அரங்கசாமி மாமா பேரன் வாசலில் விழுந்து முட்டியைச் சிராய்த்துக்கொண்டு, "வலிக்குது, வலிக்குது" என்று கத்தினான். அவன் அம்மா தூக்கி வைத்துக்கொண்டு மிட்டாய் கொடுத்தாள். இவள் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். மறுநாள் நான் அடுப்படியில் இருக்கும்போது ஓடிவந்து, "அம்மா, வலிக்குது" என்றாள்.

கையிலிருந்த கரண்டி எங்கே விழுந்தது என்று எனக்குத் தெரியாது அண்ணா. எங்கே சாமி வலிக்குது, எங்கே வலிக்குது என்று அவளை அப்படியே தூக்கிக்கொண்டு கேட்டேன். முழங்கையைக் காட்டினாள். அங்கே ஒன்றுமில்லை. மூக்கைக் காட்டினாள். அப்புறம் கட்டிலில் கிடந்த தலைகாணியைக் காட்டி, "அதுக்கும் வலிக்குது" என்றாள். மிட்டாய் கொடுத்தேன். பொய் என்று தெரிந்துதான் கொடுத்தேன். கொடுத்துவிட்டு அவளுக்குத் தெரியாமல் அழுதேன்.

இன்னொரு விஷயம். எனக்கு இது நாலாவது மாதம். வேண்டும் என்று இருந்ததில்லை, ஆகிவிட்டது. அத்தை காரமடைக் கோயிலுக்கு வேண்டிக்கொண்டிருக்கிறார், பேரன் பிறக்க வேண்டும் என்று. எனக்கு எந்தப் பிள்ளையானாலும் சரி. இதுவும் அக்ஷயா மாதிரிதான் இருக்குமா? உங்களுக்குத் தெரிந்ததை மறைக்காமல் எழுதுங்கள். இந்தத் தடவை எனக்குத் தேவையானதை முதலில் எழுதுங்கள். உங்களுக்குத் தேவையானதை அப்புறம் எழுதிக்கொள்ளுங்கள்.

தங்கை
லோகா


கிளாஸ்கோ
1.11.1996

லோகா,

நாலில் ஒரு பங்கு. மூத்தவளுக்கு வந்துவிட்டதால் இதற்கு வராது என்று யாராவது ஆறுதல் சொன்னால் நம்பாதே. ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியாக நாலில் ஒரு பங்கு அந்தக் கோளாறு வரலாம், முக்கால் பங்கு வராமல் இருக்கலாம். உன் கேள்விக்கு இதுதான் பதில்.

வயிற்றில் இருக்கும்போதே பார்க்க முடியுமா என்று அடுத்துக் கேட்பாய். இப்போது முடியாது. உங்கள் குடும்பத்தில் அந்த மரபணு எந்த இடத்தில் கெட்டிருக்கிறது என்று முதலில் தெரிய வேண்டும், அதற்கு மாதக் கணக்கில் ஆகும். ஏப்ரலில் நீ கேட்டதற்கெல்லாம் முதலில் பதில் எழுதிவிட்டு, அப்புறம் ஒழுங்காகக் கேட்டிருந்தால் மச்சான் ரத்தம் கொடுத்திருப்பார். இன்றைக்கு உனக்கு வேறு பதில் சொல்லியிருக்க முடியுமோ என்னவோ. இதையும் நீ மறைக்க வேண்டாம் என்றதால் எழுதினேன்.

இப்போது கேட்கிறேன், நீ எப்படி இருக்கிறாய் கண்ணு? சாப்பாடு இறங்குகிறதா? அத்தை உன்னை வேலை செய்ய விடுகிறாரா? உன் கடிதம் வந்ததிலிருந்து அக்ஷயா கால் இழுத்து நடப்பது கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. நீ நினைத்தபடியே வலிக்கிறது.

மாசிக் கடைசியில் வருகிறேன். பேராசிரியர் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். திரும்பிப் போகும்போது என் இடம் இருக்குமா என்று தெரியவில்லை, இல்லாவிட்டால் போகட்டும். பிள்ளை பிறந்ததும் குதிகாலில் ஊசி குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். அது ஆஸ்பத்திரிக்குத்தான், எனக்கில்லை. அப்போது நான் பக்கத்தில் நிற்பேன். பிள்ளை பேசாமல் படுத்திருந்தால் அந்த நிமிஷமே உன்னிடம் வந்து சொல்லிவிடுவேன். என்ன செய்ய வேண்டும் என்பது இப்போது நமக்குத் தெரியும், இரண்டு பேருமாகச் செய்வோம்.

ஊசி பட்டதும் பிள்ளை காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு வீறிட்டு அழுதால், அத்தை வெளியிலிருந்து ஓடிவருவார். "எதுக்கு சாமி பச்சப்புள்ளைய அழுக வெக்கறே, உனக்கு ஈவு இரக்கமே இல்லயா?" என்று என்னைப் பிடித்து எல்லோர் முன்னாலும் திட்டுவார். அந்தத் திட்டை வாங்கத்தான் லோகா, நான் வருகிறேன்.

அண்ணன்
கிருபாசங்கர்